வள்ளி கும்மியும் பூட்டிய பாத்ரூமும்

போன வாரம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மைதானத்தில், வள்ளி–முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி அரங்கேற்றம். எண்பது பெண்கள், ஒரே நிறச் சேலை, பச்சையில் சிவப்பு பார்டர். அதில் நானும் ஒருத்தி. ஐம்பத்திரண்டு வயதில் குதிக்கலாமா என்று கேட்காதீர்கள்... முருகன் பாட்டுக் கேட்டால் கால் தானாக எழும்புகிறது, நான் என்ன செய்ய?

ஆனால் சொல்ல வந்தது என் காலைப் பற்றி அல்ல. பக்கத்தில் ஆடிய சரண்யாவைப் பற்றி.

சரண்யா எங்கள் எதிர்வீட்டு மருமகள். இருபத்தேழு வயது. இரண்டாவது குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகிறது. அரங்கேற்றத்துக்கு முன் இரண்டு மாதம், தினமும் மாலையில் எங்களுக்குப் பயிற்சி. முதல் வாரமே கவனித்தேன் – இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை வட்டத்தை விட்டு வீட்டுக்கு ஓடுவாள். கோயில் மண்டபத்தில் பாத்ரூம் உண்டு. ஆனால் பூட்டுத் தொங்கும். விசேஷ நாளில்தான் திறப்பார்களாம். நமக்கு வருகிற அவசரம் விசேஷ நாள் பார்த்தா வரும்?

“ஏனுங் அம்மணி, அடுப்புல பால வெச்சுப்போட்டு வந்தீங்களா? இந்த ஓட்டம் ஓடறீங்க?” – மளிகைக் கடை ராணியக்கா கேட்பார். எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

ஒரு நாள் திரும்பி வரும் வழியில் சரண்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, குதிச்சா கசியுதுங்க்கா. தும்முனாலும் அப்படித்தான். ரெண்டாவது பொறந்ததுல இருந்தே இப்படி இருக்குதுங்க. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலீங்க.”

“இதுக்குப் போயி கண்ணு கலங்குவாங்களா? மூணு மணிக்கு மேல தண்ணி குடிக்காத கண்ணு. சரியாப் போயிரும்” என்றேன்.

பெரிய டாக்டர் நான்! எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் யோசித்துப் பாருங்கள்... நம்மில் யார் இதைச் செய்யவில்லை? பழனிக்கு பஸ் ஏறினால், கல்யாணத்துக்குக் கிளம்பினால், ஜவுளி எடுக்கப் போனால் – முதலில் நாம் நிறுத்துவது தண்ணீரைத்தானே?

சரண்யா என் பேச்சைத் தட்டவில்லை. பத்தே நாளில் சிறுநீர் போகும்போது எரிச்சல், குளிர் காய்ச்சல். பயிற்சிக்கு வருவது நின்றுபோனது.

நலம் விசாரிக்கப் போனேன். அதற்குள் கசிவு விஷயம் தெரிந்துவிட்ட அவள் மாமியார் வாசல் கேட்டிலேயே சொல்லிவிட்டார்: “பேரக் குடுத்துட்டு வரலீன்னா அதொரு குத்தம். ஈரச் சேலையோட கோயில் வாசல்ல நின்னா அது அதவிடப் பெரிய குத்தமுங்க. பேசாம பேர எடுத்துரச் சொல்லிப்போட்டேன்.”

நான் தலையாட்டினேன். சுத்தபத்தம் பார்க்கிற குடும்பம்தான் நாங்களும். அந்தப் பெண் இரண்டு நாளாகக் கும்மிப் பாட்டை முணுமுணுத்தபடியே படுத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் தலையாட்டினேன்.

மறுநாள் அவள் தனியாக ஸ்கூட்டி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் நேராக என் வீட்டுக்குத்தான்.

“கோவிச்சுக்காதீங்க்கா... உங்க வைத்தியந்தான் இந்தக் காச்சல இழுத்து உட்டுருச்சாமா!” – திட்டவில்லை, சிரித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் சொன்னதாக அவள் சொன்னது இதுதான். சிறுநீர்ப்பையை அடியில் தாங்கிப் பிடிக்க ஒரு தசை இருக்கிறதாம். பிரசவத்தில் அது தளர்ந்துவிடுகிறது. குதித்தால், இருமினால் அழுத்தம் தாங்காமல் கசிகிறது. இள வயதுப் பெண்கள் நிறையப் பேருக்கு உண்டு, பிள்ளை பெறாதவர்களுக்கும் வரும். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், அவசரம் இன்னும் கூடும். கிருமியும் சேர்ந்துகொள்ளும். அடிக்கடி போவதற்குச் சர்க்கரை காரணமா என்றும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்திருக்கிறார். நல்ல வேளை, இல்லை.

காய்ச்சலுக்கு மாத்திரை. கசிவுக்குப் பயிற்சி. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். பத்துத் தடவை, மூன்று வேளை. பாத்ரூமில் அல்ல, சும்மா இருக்கிறபோது. மூன்று மாதம் போல ஆகுமாம். “உப்புமா கிண்டிக்கிட்டே செய்யறனுங்க்கா, ஆருக்குத் தெரியுது?” என்றாள். பேட் வைத்துக்கொண்டு ஆடலாம், இப்போதைக்குத் துள்ளலை மட்டும் குறைக்கச் சொன்னாராம்.

இதுவரை செய்ததே பெரிது. அதன் பிறகு செய்தாளே, அதற்குத்தான் நான் கும்பிடு போட்டேன்.

காய்ச்சல் விட்டதும் மைதானத்துக்கு வந்தாள். எண்பது பெண்கள், மைக்கோடு கும்மி வாத்தியார், தவில்காரர்கள். பாட்டுத் தொடங்கும் முன் கையைத் தூக்கினாள்.

“வாத்தியாருங்களே, ஒரு சமாச்சாரமுங்க. எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியறதில்லீங்க. குதிச்சாக் கசியுது. வைத்தியம் பாத்துட்டிருக்கறேன். அரை மணிக்கொருக்கா இடைவேளை வேணுங்க. அந்த பாத்ரூம் சாவியும் வேணுங்க.”

வாத்தியார் மைக்கை இறக்கினார். “இத்தன வருசமாச் சொல்லித் தர்றேன்... இத ஒருத்தரும் கேட்டதில்லையேம்மா?”

“எப்படிங்க கேப்பாங்க? எல்லாருந்தான் தண்ணியே குடிக்காம வர்றமே!”

அடுத்து எழுந்த கை யாருடையது தெரியுமா? ராணியக்காவுடையது. “எனக்கும் இருக்குதுங்க... மூணு வருசமா. துணிய மடிச்சு வெச்சுட்டு வாரேன்.” அவருக்குப் பின்னால் காலேஜ் படிக்கிற ஒரு பெண்: “எங்க காலேஜ் பாத்ரூமுக்குள்ள கால் வைக்க முடியாதுங்க. காலைல அடக்குனா, சாயந்தரம் ஊட்டுக்கு வந்துதான்...” கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. என் கையும் எழுந்தது – பாதிக்கு.

மறுநாளே கோயில் கமிட்டித் தலைவர் ஆள் விட்டுக் கழுவி, பூட்டைக் கழற்றிவிட்டார். கேட்டால் கிடைக்கிற சாவிக்கு நாங்கள் இத்தனை நாள் வீட்டுக்கும் வேலி மறைவுக்குமாக ஓடியிருக்கிறோம்!

ஆனால் அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் சரண்யா முகம் வாடி வந்தாள். “அத்தை சொன்னது நெஞ்சுக்குள்ளயே நிக்குதுங்க்கா. சாமி முன்னால ஆடறப்ப ஒரு சொட்டு வந்துட்டா குத்தங்களா? குத்தம்னா நான் வரலீங்க.”

விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த நான் முருகன் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். பிறகு கேட்டேன்: “தினைக் காட்டுல பரண் மேல நாளெல்லாம் காவல் நின்னவ வள்ளி. அங்க என்ன பாத்ரூமா கட்டி வெச்சிருந்தாங்க? அவளுக்கும் அவசரம் வந்திருக்கும்ல? அதுக்காக முருகன் வேண்டாம்னுட்டா போயிட்டாரு?”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அக்கா, சிரிக்க வெக்காதீங்க... கசியும்!”

அரங்கேற்றம் மூன்று மணி நேரம் நடந்தது. முன்வரிசையில், பேரை எடுக்கச் சொன்ன அதே மாமியார் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிவரை எழுந்து போகவில்லை. சரண்யா நடுவில் இரண்டு தடவை வட்டத்தை விட்டுப் போனாள். நிதானமாக, நடந்து. திரும்பி வந்து சரியான அடியில் சேர்ந்து கை தட்டினாள்.

அப்போதெல்லாம் நான் கருவறைப் பக்கம் கண்ணை வைத்துக்கொண்டேதான் ஆடினேன். அம்மன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.