திரும்பி வந்த புளியோதரை

இன்று பெரியகுளத்தில் எங்கள் ஆபீசில் ஆளுக்கொன்று சமைத்து வந்து சேர்ந்து சாப்பிட்டோம். என் பங்கு புளியோதரை.

பத்துப் பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது? குறைந்தால் கஞ்சம் என்பார்கள். மிஞ்சினால் ருசியில்லை என்று அர்த்தம்.

மாமியாரைக் கேட்டேன்.

"தாராளமா போடு ஆத்தா. ஆனா திரும்பி வந்துராமப் பாத்துக்க."

பெரிய தூக்கு நிறையக் கொண்டுபோனேன். மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணெல்லாம் தூக்கின் மேலேயே இருந்தது. எல்லோரும் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்கள். தூக்கு காலியான பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

சாயங்காலம் கழுவி வைத்த தூக்கை எடுத்தால் கனத்தது. உள்ளே நிறையப் புளியோதரை!

பக்கத்து சீட் செல்வி அக்கா சிரித்தார். "நீ கொண்டு வர்றது பத்தாமப் போயிருமோன்னு நானும் கொஞ்சம் கிண்டிக் கொண்டாந்தேன். தேவைப்படல. வெறும் பாத்திரத்தையா கொண்டுபோவ? வீட்டுல உள்ளவுகளுக்குக் குடு."

வீட்டில் மாமியார் தூக்கைத் திறந்தார். ஒரு வாய் தின்று பார்த்தார்.

"உப்பு கூடிப்போச்சு ஆத்தா. அதான் யாரும் தொடல போல. விடு, ராத்திரிக்கு ஆச்சு" என்றார், ரொம்ப அன்பாக.

இது செல்வி அக்கா செய்தது என்றால், நீங்களாவது நம்புவீர்களா?