சாத்தாங்கல் துறையின் பொரிக்காரி

1912-ஆம் வருஷம், தை அமாவாசை. சாத்தாங்கல் படித்துறையில் தண்ணீர் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. அந்த நெரிசலுக்கு நடுவில் ஆறுமுகத்தாய் ஒரு மிராசுதாரின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். அவர் கையில் ஒரு முழு வாழைப்பழம், தோலோடு.

"உரிச்சுப் போடுங்க அய்யா. தோல மாடு திங்கும். எம் மீனு திங்காது."

மிராசுதாரின் காதுமடல் சிவந்துவிட்டது. ஒரு பொரிக்காரி தன் கையைத் தொட்டுத் தடுத்திருக்கிறாள் என்பதை நம்பவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பழத்தை உரித்தார்.

ஆறுமுகத்தாய்க்கு நாற்பது வயது இருக்கலாம். விக்கிரமசிங்கபுரத்துக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில் தாமிரபரணி ஒடுங்கித் திரும்புகிற இடத்தில், சாஸ்தா கோயிலுக்குக் கீழே, கடைசிப் படிக்கு முந்தின படி அவளுடைய கடை. கடை என்றால் ஒரு பனையோலைக் கூடை, அது நிறையப் பொரி, அளந்து போட ஒரு இரும்பு உழக்கு. அவ்வளவுதான். குளிக்க வருகிறவர்கள் பொரி வாங்கி மீனுக்குப் போடுவார்கள். கோயில் மீன் அது, யாரும் தொடுவதில்லை.

அவளே நன்றாக மீன் சாப்பிடுகிறவள். மத்தியானம் படியில் உட்கார்ந்தே தூக்குச்சட்டியைத் திறப்பாள். கருவாட்டுக் குழம்பு வாசனையில், ஜபம் செய்கிற ஐயர் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவார். "இது தூத்துக்குடி மீனு சாமி," என்று அவர் முதுகைப் பார்த்துச் சொல்வாள். "ஆத்து மீனு சாஸ்தாவுக்கு. கடல் மீனு எனக்கு. எங்களுக்குள்ள சண்டையே கெடையாது."

தண்ணீரில் முங்கியிருக்கும் படியின் விளிம்பில் அவள் உழக்கால் தட்டுவாள். முதலில் ஒன்று, கொஞ்சம் விட்டு, சேர்த்தாற்போல் இரண்டு. கல் வழியாக அந்தச் சத்தம் ஆற்றுக்குள் போகும். எங்கிருந்து வருகின்றன என்று தெரியாமல் பெருங்கெண்டைகள் வந்து குவியும். தொடையளவு மீன்கள், பொன்னிறச் செதிலோடு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் காலைப் படிமேல் தூக்கிக்கொள்வார்கள். ஆறுமுகத்தாய் அவற்றைப் பெயர் சொல்லி அதட்டுவாள். முதுகில் வெள்ளைக் கோடு விழுந்தவன் தழும்பன். இடிக்கிறவள் சந்தைக்காரி. எல்லாவற்றிலும் பெரியவன் ஜமீன். அவன் கடைசிப் படிக்கடியிலேயே கிடப்பான். மற்றவை பொரிக்காக அடித்துக்கொள்ளும்போது, அவன் மட்டும் அவள் கைக்கு நேராக வந்து வாயைத் திறப்பான், ஊட்ட வேண்டும்.

படித்துறைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், கரையில் மஞ்சள் பூசிய ஒரு கல் நிற்கிறது. அதுதான் எல்லை. கல்லுக்கு இந்தப் பக்கம் மீனைத் தொட்டால் கை விளங்காது என்று ஊர் நம்புகிறது. அந்தப் பக்கம் எவனும் வலை போடலாம், தூண்டில் போடலாம். அங்கேதான் ஆனைக்கிடங்கு என்கிற ஆழமான மடு இருக்கிறது. கோயில் மீன்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. போக வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை.

மாசியில் தண்ணீர் இறங்கித் தெளிந்ததும் இஸ்ரவேல் வாத்தியார் வந்தார். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு டிரில் சொல்லிக் கொடுக்கிறவர். சனிக்கிழமை விடியற்காலை ரயில் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கி, வண்டி பிடித்து வருவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் திரும்பிவிட வேண்டும். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது அவர் ஒரு தூண்டிலை எடுத்திருந்தார். மூன்று துண்டாகக் கழற்றிப் பையில் போடலாம். பூட்டினால் இரண்டு ஆள் உயரம். அடியில் பித்தளை ராட்டினம், அதில் பட்டு நூல், நூல் முனையில் புழுவுக்குப் பதிலாக மினுங்குகிற ஒரு தகட்டுக் கரண்டி. வாத்தியார் முறைப்படி எல்லைக்கல்லைத் தாண்டி ஆனைக்கிடங்குப் பாறையில் நின்று கரண்டியை வீசுவார், சுற்றுவார், மறுபடி வீசுவார். மீன் ஒன்றும் அகப்பட்டதில்லை.

"கரண்டி போட்டாச்சு. கொழம்பு எங்க வாத்தியாரய்யா?" ஆறுமுகத்தாய் படியிலிருந்தே கத்துவாள்.

"இது வெளையாட்டு, தாயி. வலையப் போட்டு அள்ளுறதுல என்ன இருக்கு? மீனுக்கும் ஒரு வழி விட்டு, அதோட சண்டை போட்டுப் புடிக்கணும்."

"மீனு ஒங்களுக்கு என்ன பங்காளியா, சண்டை போட?"

குளிக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த சனிக்கிழமை அதை இன்னும் பெரிதாக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை ஆனைக்கிடங்குக் கரையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். மேலே மலைச்சரிவில் புதுப்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள்; பாறையை வெடித்தோட்டா வைத்து உடைக்கிற வேலை. சனிக்கிழமை மத்தியானத்தோடு வேலை முடியும். மேஸ்திரியும் ஆட்களும் குளித்துவிட்டுப் பாறையில் வேட்டி உலர்த்திக்கொண்டு வாத்தியாரின் ராட்டினத்தை வேடிக்கை பார்த்தார்கள்.

ஆறுமுகத்தாய் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டி வந்தாள். அந்தப் பக்கம் அவள் வியாபாரத்துக்கு வந்ததே கிடையாது.

"கொஞ்சம் தள்ளுங்க. ஒங்க பங்காளியள எல்லாம் நான் கூப்பிட்டுத் தாரேன்."

பாறை நீருக்குள் இறங்குகிற இடத்தில் குந்தி உழக்கால் தட்டினாள். ஒன்று, விட்டு, இரண்டு. மடு சும்மா இருந்தது. யாரோ இருமினார்கள். மறுபடி தட்டினாள். அப்போது மேல்பக்கத்திலிருந்து நீருக்குள் ஒரு மஞ்சள் நிறம் நகர்ந்து வந்தது. தழும்பன் முன்னால், சந்தைக்காரி பின்னால், அவற்றுக்குப் பின்னால் கூட்டமாக மற்றவை. ஜமீன் மட்டும் வரவில்லை; அவன் சோம்பேறி, இடத்தை விட்டு அசைய மாட்டான். மற்றவை எல்லாம் எல்லையைத் தாண்டி வந்து அவள் காலடியில் வாயைப் பிளந்தன.

வாத்தியார் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டார். "இப்பப் போட்டா அது வெளையாட்டு இல்ல," என்று முனகினார். அவள் பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் உழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்க தட்டு தாயி," என்றார். "எப்படித் தட்டுனே?"

அவள் பெருமையோடு தட்டிக் காட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் படித்துறையில் அம்பாசமுத்திரத்துக் கல்யாணக் கூட்டம் ஒன்று பொரி வாங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ரயில் பிந்தியதால் வாத்தியார் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கி, படியில் உட்கார்ந்து தூண்டிலைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஆறுமுகத்தாயின் முன்னால் தண்ணீர் முழுக்க மீன். திடீரென்று அவை எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. பொரி மிதந்துகொண்டே இருந்தது. மீன்கள் அதை விட்டுவிட்டு எல்லைக்கல் பக்கமாகக் கீழே போய்க்கொண்டிருந்தன.

அவளுக்குப் புரியவில்லை. பிறகு அவள் காதிலும் அது விழுந்தது. ஒன்று, கொஞ்சம் விட்டு, சேர்த்தாற்போல் இரண்டு.

"ஏலே!" கூடையைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினாள். "ஏலே, தட்டாதீங்கலே! ஏ மக்கா, போவாதீங்க! அது நான் இல்ல!"

எல்லைக்கல்லை அவள் தொடுவதற்குள் ஆனைக்கிடங்கு மேலே எழும்பியது. தண்ணீர் பனை உயரத்துக்கு நின்று, சேறும் கல்லுமாகச் சரிந்தது. சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தபோது கல்யாணக் கூட்டத்தில் ஒரு குழந்தை வீறிட்டது.

கலங்கல் வடிய வடிய வெள்ளை வெள்ளையாக வயிறுகள் தெரிந்தன. பெரிய மீன்களில் கொஞ்சம்தான் மிதந்தன; பாதிக்கு மேல் அடியில் போய்விட்டன, அவற்றை ஆட்கள் முங்கி முங்கி எடுத்தார்கள். விரல் நீளக் குஞ்சுகள் மட்டும் மடு முழுக்கத் தவிட்டைக் கொட்டியதுபோல் பரவிக் கிடந்தன. அவற்றை யாரும் எடுக்கவில்லை.

இதைவிட அவளை உறைய வைத்தது அடுத்து நடந்ததுதான். வெடிச் சத்தம் கேட்டு ஊர் ஓடி வந்தது. அவளோடு சேர்ந்து கத்தும் என்று அவள் நினைத்தாள். ஊர் சருவச்சட்டியும் கூடையுமாக மடுவில் இறங்கியது. சாஸ்தா கோயிலுக்கு விளக்கேற்றுகிறவன், தினமும் பொரி வாங்குகிற செட்டியார் வீட்டு ஆள், வாசல் தெளிக்கிறவள், எல்லாரும்.

"சாமி மீனுலே! அது சாமி மீனு!"

"உள்ள இருந்தாத்தான் சாமி மீனு," என்றான் விளக்கேற்றுகிறவன். "இது வெளிய வந்து செத்துது."

எல்லைக்கல்லுக்கு நேர் கீழே ஒரு மீன் ஒதுங்கிக் கிடந்தது. அதற்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள்.

"தல உள்ளல்லா கெடக்கு, தொடாதவே."

"வாலு வெளிய கெடக்கு. வால நான் புடிச்சுக்கிடுதேன், தலய நீரு சாமிக்கு விட்டுரும்."

கூட்டம் சிரித்தது. அவன் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

மேஸ்திரி ஈரத்தோடு கரையேறி அவளிடம் வந்தார். முகத்தில் கேலி இல்லை. நியாயமான மனுஷன் என்றுதான் தோன்றியது. இரண்டு கையாலும் தூக்கி வந்த மீனை அவள் காலடியில் வைத்தார்.

"இந்தா தாயி, ஒன் பங்கு. நீ காட்டித் தராட்டி இதுக நடு ஆத்துலதான் கெடக்கும். அடுத்த சனிக்கிழமையும் வாரோம்."

முதுகில் வெள்ளைக் கோடு இருந்தது. செவுளிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஆறுமுகத்தாய் உட்கார்ந்துவிட்டாள்.

இஸ்ரவேல் வாத்தியார் நேராகக் கிராம முன்சீப் வீட்டுக்குப் போனார். ஆற்றில் வெடி போடக்கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டுப் பல வருஷம் ஆகிறது என்று அவருக்குத் தெரியும். முன்சீப்பும் அதை மறுக்கவில்லை.

"சட்டம் இருக்கு வாத்தியாரய்யா. பாத்தேன்னு சாட்சி சொல்ல ஊருல ஒரு ஆளு வேணும்லா?"

"ஊரே பாத்துச்சே."

"ஊரே பாத்துச்சு. மோந்து பாருங்க." முன்சீப் தெருவைக் காட்டினார். "எந்த வீட்டுல கொழம்பு கொதிக்கல?"

அவர் வீட்டு அடுப்பங்கரையிலிருந்தும் புளி கொதிக்கிற வாசனை வந்தது. வாத்தியார் அதற்குமேல் நிற்கவில்லை. ராத்திரி ரயிலையும் விட்டுவிட்டார், சத்திரத்தில் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் படித்துறைக்கு வந்தபோது ஆறுமுகத்தாய் வழக்கமான படியில் இருந்தாள். கூடை இல்லை. உழக்கு இருந்தது. முந்தானையை மடியாகக் கட்டியிருந்தாள். மடி கனத்துத் தொங்கியது. குளிக்கிற பெண்கள் அவளைப் பார்க்காததுபோல் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் தட்டினாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, நேற்றுக் கீழே போகாமல் தப்பியவை ஒவ்வொன்றாக வந்தன. பத்துப் பதினைந்து இருக்கும். வாய் திறந்தன.

மடியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து எறிந்தாள்.

கல் விழுந்த இடத்துக்கு மீன்கள் பாய்ந்தன. பொரி என்று நினைத்துவிட்டன. ஒன்று கல்லோடு சேர்ந்து அடிவரை முங்கிப் போய், மறுபடி வந்து வாயைத் திறந்தது.

அவள் இன்னொரு கல்லை எறிந்தாள். அதற்கும் பாய்ந்தன.

"அய்யய்யோ, சாமி மீனுக்குக் கல்லெறியுதா! ஏட்டி, பேய் புடிச்சிட்டாட்டி இவளுக்கு?" பெண்கள் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். விளக்கேற்றுகிறவனும் கோயிலிலிருந்து இறங்கி வந்தான்.

"வாத்தியாரய்யா, அவுகளக் கொஞ்சம் நிறுத்தி வையுங்க." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "தட்டுனா வரணும்னு நாந்தான் படிச்சுக் குடுத்தேன். தட்டுனா ஓடணும்னு இதுக சனிக்கிழமைக்குள்ள படிக்கணும். பக்கத்துல போட்டாக் கேக்க மாட்டேங்குதுக. மேல படணும்."

வாத்தியார் கையை விரித்து, கூட்டத்துக்குக் குறுக்கே நின்றார்.

இப்போது அவள் குறி பார்த்து எறிந்தாள். ஒன்றின் முதுகில் பட்டது, துள்ளி விலகியது. இன்னொன்றின் வாலில். தண்ணீர் கலைந்தது. ஒன்றிரண்டு போய்விட்டன, பிறகு எல்லாமே போய்விட்டன. அவள் மறுபடி தட்டினாள். ஒன்றும் வரவில்லை. அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

அப்போது கடைசிப் படிக்கடியிலிருந்து ஜமீன் வெளியே வந்தான். நேராக அவள் கைக்கு வந்து, தலையை நீருக்கு வெளியே நீட்டி, வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

"போ," என்றாள். தண்ணீரைக் கையால் அடித்தாள். "போயிரு மக்கா."

ஜமீன் போகவில்லை. அவள் மடியில் இருந்ததிலேயே பெரிய கல்லை இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை, மூடினால் குறி தப்பும்.

தண்ணீர் அவள் முகம் வரை தெறித்தது. ஜமீன் பக்கவாட்டில் சரிந்து ஆழத்துக்குப் போனான். உள்ளங்கை அகலத்தில் ஒரு செதில் மட்டும் மேலே வந்து மிதந்தது. பெண்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஆறுமுகத்தாய் மடி நிறையக் கல்லோடு வந்து, அதே படியில் உட்கார்ந்து, உழக்கைத் தட்டினாள்.