உமரி நிற்கும் கோடு

கழுவெளி ஏரிக்கரையில் பத்துப் பாத்தி போட்டு உப்பு விளைத்தவன் நான். அதற்கு முன் கூலிக்கு உப்புச் சுமந்தவனும் நான்தான். நிலத்தை வாங்கியபோது அது வெறும் சேறு. ‘அங்க கொக்குகூட நிக்காது’ என்று சிரித்தார்கள். வரப்பு எடுத்தேன். களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கினேன். மேட்டில் பனங்கட்டை நட்டு, தகரம் போட்டு, உப்புக் கொட்டகை எழுப்பினேன். இரண்டு புயலுக்கு அது அசையவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்த வேலை இது. எந்த இஞ்சினியரும் கூட வரவில்லை.

கடைசியில் ஒரு வீடு கட்டத்தான் ஊரெல்லாம் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

பாத்தியோரம் நாங்கள் இருந்த குடிசையில் ஐப்பசி வந்தால் என் மனைவி அடுப்புக்குக் குடை பிடிப்பாள். மகன் திண்டிவனத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

“இங்கியே ஒழுகாத ஒரு வீடு கட்டு. இல்லன்னா நான் மவன்கிட்ட போறேன். நீ உப்போட குடித்தனம் நடத்து” என்று சொல்லிவிட்டாள்.

நாற்பது வருஷம் என்னோடு வரப்பில் நின்றவள். அவள் இல்லாமல் எனக்கு ஒரு வாய்க் கஞ்சி இறங்காது. அதை அவளிடம் சொன்னதில்லை.

ஏரி, பறவைகளுக்காகக் காக்கப்படும் இடம். தண்ணீர் விளிம்பிலிருந்து இத்தனை தூரம் தள்ளித்தான் கட்டலாம், அதற்கும் விண்ணப்பம் போட வேண்டும் என்றார்கள். அளக்க ஆள் எதற்கு? பங்குனி மாதம் தண்ணீர் ஓரத்தில் நின்று நானே அடிவைத்து எண்ணினேன். தாராளமாக இருந்தது. பிளான் போடுகிறவர் நான் சொன்னதை அப்படியே வரைந்து கொடுத்தார்.

இடத்தைப் பார்க்க ஒரு அதிகாரியம்மா வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும்.

“பெரியவரே, இது கோடைத் தண்ணி. மழைக்காலத்துல எதுவரைக்கும் வரும்?”

“மழைக்காலத்துல அங்க யாருங்க போறா? வேலையே இருக்காதே!”

உப்புக்காரனுக்கு வருஷம் என்றால் வெயில் அடிக்கிற மாசங்கள்தான். மழை பிடித்ததும் நான் மட்டும் பெருமுக்கல் பக்கம் நெல் வேலைக்குப் போய்விடுவேன். ஏரி நிரம்பி எங்கே வந்து நிற்கிறது என்று ஒரு வருஷமும் இருந்து பார்த்ததில்லை.

“அப்ப இந்த அளவு செல்லாதுங்க” என்றார் அவர்.

குடிசைக்குள்ளிருந்து என் மனைவி வெளியே வந்தாள். “அவரைப் போயி இன்னா கேக்கறீங்க மேடம்? மழைன்னா ஓடிப்போற ஆளு. என்னைக் கேளுங்க.”

முட்டி வலியோடு இறங்கி நடந்தாள். சிவப்பும் பச்சையுமாக உமரிச்செடி வரிசை பிடித்திருந்த இடத்தில் நின்றாள். உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் மண்ணில்தான் உமரி முளைக்கும். அவள் அதைப் பறித்துப் புளி விட்டுக் கடைவாள்.

“இதாங்க கோடு. இதுவரைக்கும் வராத வருஷம் இல்ல. இத்தத் தாண்டி வந்து நான் பாத்ததும் இல்ல.”

அதிகாரியம்மா அங்கிருந்து அளந்தார். மழைக்காலத்தில் வந்து சரிபார்க்கிறேன் என்று குறித்துக்கொண்டார். நான் காட்டிய இடம் போயிற்று. வீடு பின்னால் மேட்டுக்கு ஏற வேண்டும். மேட்டில் என் கொட்டகை நின்றது.

“இதை எடுத்தாத்தான் இடம் வரும் பெரியவரே. வேற வழி இல்ல.”

அவர் போன பிறகு மனைவி, “வேணாம்யா, திண்டிவனமே போயிடலாம்” என்றாள். கொட்டகையைப் பார்த்துத்தான் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஏணி போட்டு ஏறினேன். ஆள் வைக்கவில்லை. நான் கட்டியதில் வேறு எவன் கையும் படக் கூடாது. தகரத்தை நான் இறக்க இறக்க, அவள் கீழே நின்று வாங்கி அடுக்கினாள். இப்போது எல்லாரையும் போல உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடுகிறேன்.

அந்த மழையில் தண்ணீர் உமரி வரை வந்து நின்றது. அனுமதியும் வந்தது. அடுத்த மழைக்குள் வீடு எழும்பியது; ஒழுகவில்லை.

வருகிறவர்களிடமெல்லாம் அவள், “என் உமரிதாம்மா பர்மிஷன் வாங்கிக் குடுத்துச்சு” என்கிறாள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. பிளான் போட்டவர் தாளில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். மேஸ்திரிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து மரியாதை செய்தோம். எனக்கு?

நான் கட்டியதை எண்ணும்போது கொட்டகையை விட்டுவிடக் கூடாது. எழுப்பியதற்கு ஒரு தடவை, பிரித்ததற்கு ஒரு தடவை, இரண்டு தடவை என் பேரைச் சொல்ல வேண்டும். உமரியைச் சொல்லும்போதெல்லாம் அவள் கொட்டகையையும் சொல்ல வேண்டும்.