பச்சை காட்டிய காகிதம்

மாஸ்டர், என்சைம் கேனைத் திருடி விற்றார் என்று ஒரு நல்ல மனிதர் மேல் பழி போட்டீர்கள். பொய் என்று தெரிந்தே போட்டீர்கள்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், திருப்பூரில் நீங்கள் மாஸ்டராக இருந்த சாயப்பட்டறையில் எனக்கு லேப் வேலை. பனியன் துணி மேல் முடி முடியாக நிற்கும் பஞ்சை எடுக்க என்சைம் ஊற்றுவோம். பள்ளிப் புத்தகத்தில் நொதி என்று படித்தோமே, அதுதான். பஞ்சை மேலாகத் தின்றுவிடும், துணி வழவழப்பாகும். ஆனால் தண்ணீரில் லேசான புளிப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். வெளுக்கப் போட்ட காஸ்டிக் காரம் மிச்சம் இருந்தால் கேன் கேனாக ஊற்றினாலும் சும்மா கிடக்கும். அதனால் முதலில் ஆசிட் விட்டு, பிஎச் பேப்பரை முக்கிப் பார்க்க வேண்டும். காகிதம் ஆரஞ்சு காட்ட வேண்டும்; பச்சை காட்டினால் புளிப்பு போதாது.

எங்கள் பட்டறையில் அந்தக் காகிதம் உங்கள் டிராயரில் பூட்டிக் கிடக்கும். துணி வாங்கும் பையரின் ஆள் சோதிக்க வரும் நாளில் மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் இரண்டு மக் ஆசிட், அவ்வளவுதான்.

அன்று லாரித் தண்ணீர் வேறு கிணற்றிலிருந்து வந்தது. கையில் பட்டால் வழுக்கியது, காரம் அதிகம். ஆசிட் விட்ட பிறகு, நான் ஒளித்து வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தை முக்கினேன். பச்சை. மெஷின் ஆபரேட்டர், திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், கூடவே நின்று பார்த்தார். உங்களிடம் ஓடி வந்து காட்டினேன்.

“இன்னொரு மக்கு ஆசிட் உடணுமுங்க.”

“பத்து வருசமா ரெண்டு மக்குதானுங்க. எனக்கே பாடம் எடுக்கறீங்களா? என்சைம ஊத்தச் சொல்லுங்க.”

சொன்னேன். அவர் அளந்து ஊற்றினார். என் கண் முன்னால்தான் ஊற்றினார்.

மறுநாள் காலை முதலாளி துணியை முஷ்டி மேல் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முடி அப்படியே நின்றது.

“ஊத்தியிருந்தா இப்படி நிக்குமாங்க? கேன் வெளிய போயிருக்குதுங்க,” என்றீர்கள் நீங்கள்.

“அவரு ஊட்டு இட்லி மாவுல ஊத்திட்டாரோ என்னமோ,” என்றார் துணி மடிக்கிறவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“அங்கனயாவது புளிப்பு இருந்திருக்கும்லா,” என்றார் ஆபரேட்டர். சிரிப்பு நின்றது. அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்கதான பேப்பரை முக்குனிய? என்ன கலருன்னு சொல்லுங்க.”

“ஏனுங்க, தண்ணி சரியா இருந்துச்சுங்களா?” என்று முதலாளி என்னைக் கேட்டார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தக் காகிதம் அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

“சரியாத்தானுங்க இருந்துச்சு.”

என் வாயில் வந்தது அதுதான். ஆபரேட்டர் என்னைத் திட்டவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திருடன் என்ற பேச்சு அவருக்கு முன்னால் ஓடியது; அக்கம்பக்கத்துப் பட்டறை எதிலும் அவரைச் சேர்க்கவில்லை. குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிட்டார். அன்று மத்தியானம் நான் வழக்கம் போலச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிப்பதில்லை.

இப்போது நீங்கள் மேடையில் ஏறி, சாயத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறீர்களாம். என்சைம் பற்றியும் சொல்கிறீர்களாம். நான் செய்ததை இங்கே எழுதிவிட்டேன். உங்கள் முறை. அடுத்த வகுப்பில், மைக் முன்னால், அந்த மனிதர் பேரைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள்: அன்று நான் காட்டிய காகிதம் என்ன நிறம்?