ரோஸ் கலர் வீரனாருக்கு நான் கண் திறக்கவில்லை

1. காலையில் கண்டது

வேலைக்குப் போய்ப் பார்த்தேன். வீரனார் ரோஸ் கலரில் உட்கார்ந்திருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் நான் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பியபோது அவர் கரிய உடம்போடுதான் இருந்தார். அடுத்த வாரம் கும்பாபிஷேகம். மீசை, அரிவாள், வேட்டிக் கரை எல்லாம் முடித்துக் கண்ணை மட்டும் பாக்கி வைத்திருந்தேன். இப்போது நெற்றியிலிருந்து பாதம்வரை ரோஸ். பக்கத்தில் ஒருத்தர் ஸ்ப்ரே கன்னைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தார். மாரிமுத்து. கும்பகோணம் பக்கத்துக்காரர், என் தொழில்தான், முன்பே பழக்கம்.

யாழினி, கதிர், அப்பா என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் பெயிண்டர் என்று சொல்கிறீர்கள். சரிதான். ஆனால் நான் வீட்டுச் சுவருக்கு அடிப்பதில்லை. செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய சாமி உருவங்களைச் சுதை என்போம். அதற்கு வர்ணம் பூசுகிறவன் நான். எட்டாவதோடு படிப்பு நின்றது. இந்தப் பக்கம் ஓவியக் கண்காட்சியே நடக்காதா என்று ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஒருத்தர் கேட்டார். தலையைத் தூக்கிப் பாருங்க சார் என்றேன். எங்கள் கண்காட்சி கோபுரத்திலும் வாய்க்கால் கரையிலும் நடக்கிறது. டிக்கெட் கிடையாது. பூட்டுகிற நேரமும் கிடையாது.

2. போனில் வந்த படம்

இந்த வீரனார் கோயிலும் வாய்க்கால் கரையில் இருப்பதுதான். திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே, வயலுக்கு நடுவில். கோயில் கமிட்டித் தலைவர் வேலை ஆரம்பித்த நாளே போனில் ஒரு படம் காட்டியிருந்தார். சிங்கப்பூரில் இருக்கிற அவருடைய அக்கா மகன் அனுப்பியது. சுதை வேலை முழுக்க அவர் உபயம். வீரனார் எப்படி இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் கேட்டாராம், அது வரைந்து கொடுத்ததாம். வயிற்றில் சினிமாக்காரர் மாதிரி கட்டம் கட்டமாகச் சதை. உடம்பு அப்போதுதான் பவுடர் போட்ட மாதிரி. நான் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய வர்ணத்தைச் சுரண்டியபோது அடியில் எத்தனையோ பூச்சு இருந்தது. எல்லாமே கரிய நிறம். அதையே நானும் பூசினேன். சொன்னால் நான் கேட்கமாட்டேன் என்று தெரிந்து, ஆளில்லாத நேரம் பார்த்து மாரிமுத்துவைக் கூட்டிவந்துவிட்டார்கள்.

மாரிமுத்து என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் ஒப்புக்கொண்டுதான் கலரை மாற்றுவதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தலைவர் புல்லட்டில் வந்து இறங்கினார். கோபமாகக்கூட இல்லை, வேலை முடிந்த நிம்மதியில் இருந்தார். மாரிமுத்துவைப் பார்த்து, “கண்ணையும் நீயே வச்சு முடிச்சுடுப்பா, கிளம்பலாம்” என்றார்.

கண் திறப்பு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கண்மணி வைப்போம். அதுவரைக்கும் அது சிமெண்ட். அதற்கப்புறம் சாமி. முதல் பூச்சுப் பூசிய கைதான் கண்ணும் வைக்க வேண்டும், அது எங்களுக்குள் இருக்கிற வழக்கம்.

மாரிமுத்து ஸ்ப்ரே கன்னைப் பைக்குள் வைத்தார். “அது என்னால ஆகாதுங்க. உடம்புக்கு அடிக்கச் சொன்னீங்க, அடிச்சேன். அவர் தொட்ட உருவத்துக்கு அவர்தான் கண்ணு வைக்கணும்.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “சரி, நீ வையி.”

“பழைய கலரை அடிச்சுட்டு வைக்கிறேங்க.”

“கலரு எங்க விருப்பம்யா. காசு குடுக்கிறவன் ஆசைப்பட்டுட்டான். கண்ணு வைக்கிறதுதானே உன் வேலை?”

“ஆமாங்க. அதான், இந்தக் கலருக்கு வைக்கமாட்டேங்கறேன்.”

ஊருக்குள் இருக்கிற பெரிய கோயில் கோபுர வேலையும் எனக்குத்தான் என்று பேச்சு இருந்தது. இரண்டு வருஷத்து வேலை. அங்கேயும் தலைவர் சொல்தான் செல்லும், அவர் அதைத்தான் அடுத்து எடுத்தார். இதைச் செய்யாவிட்டால் அந்தக் கோபுரத்தில் என் கால் படாது என்றார். சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் சொன்ன சொல்லிலிருந்து இறங்கவில்லை.

3. செல்லம்மா அக்கா

அந்த நேரம் நடவுக்குப் போகிற பெண்கள் வரப்பில் வந்தார்கள். செல்லம்மா அக்காதான் முன்னால். வருஷா வருஷம் வீரனாருக்கு முதல் பொங்கல் அவர் பானைதான். நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“யாரு இது? பேங்கு மேனேஜரா?”

பின்னால் ஒருத்தி, “வெயில் தாங்குவாரா, குடை புடிக்கணுமாக்கா?” என்றாள். சிரித்துத் தீர்த்தார்கள். தலைவருக்கு முகம் மாறிவிட்டது. இனி வீரனாருக்கு இந்தக் கலர்தான் என்று விஷயத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றது.

செல்லம்மா அக்கா மெதுவாகத்தான் சொன்னார். “ராத்திரியில தண்ணி கட்டப் போறப்ப துணைக்கு வர்ற சாமிங்க. எங்க கலர்லதான் வரும். இவருக்குப் பொங்க வைக்க எங்க தெருவுலேர்ந்து ஒரு பானை வராது.”

தலைவர் வேறு வழியில்லாமல் சிங்கப்பூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தத் தம்பி, படத்தை அங்கே எல்லாருக்கும் காட்டிவிட்டேன், இப்போது மாற்றினால் அசிங்கம் என்றார். கலர்தானே, அதில் என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

செல்லம்மா அக்கா போன் பக்கம் குனிந்தார். “தம்பி, நான் செல்லம்மா பேசறேன். உங்கப்பா என்ன கலரு?”

அவர் அப்பாவை எனக்கும் தெரியும். நாற்றுக்கட்டு தூக்கி நடந்த மனிதர். என்னைவிட இரண்டு பூச்சுக் கூடுதல் கருப்பு.

கடைசியில் அந்தத் தம்பி, “அப்ப கல்வெட்டுல என் பேரு வேணாம் மாமா” என்று வைத்துவிட்டார். தலைவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு, “என்னமோ பண்ணித் தொலைங்க” என்று புல்லட்டை உதைத்தார்.

மாரிமுத்து போகவில்லை. நானும் அவரும் உப்புத்தாள் போட்டு ரோஸைத் தேய்த்து எடுத்தோம். கருப்பு எனாமலில் கொஞ்சம் காவிச் சிவப்பு, அதில் துளி நீலம். இந்தக் கலருக்குக் கடையில் டப்பா கிடையாது, நாமேதான் கலக்க வேண்டும். வெயில் பட்டால் தோள்பட்டையில் மினுங்க வேண்டும், சேற்றிலிருந்து கரையேறியவர் முதுகு மாதிரி. அது வந்த பிறகுதான் கண் வைத்தேன். எதிரே கண்ணாடியைச் செல்லம்மா அக்கா பிடித்திருந்தார். சாமி முதலில் தன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கோபுர வேலை எனக்கு வரவில்லை. வேறு ஆள் செய்கிறார். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக வீரனாரைப் பார்ப்பேன். அவரும் பார்ப்பார்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் யாழினி, நீ போன வாரம் வரைந்த படம். சாரத்தில் நான் நிற்கிறேன், கையில் பிரஷ், எல்லாம் அச்சு அசல். முகத்துக்கு மட்டும் ஒரு வெளுத்த கலர். ஏன்டா என்றேன். “டீச்சர் அதுதான் ஸ்கின் கலர்னு சொன்னாங்கப்பா” என்றாய்.

உன் டீச்சரோடு எனக்குச் சண்டை இல்லை. யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய வேலையைக் காட்டிச் சொன்னாலும், உன் நிறத்தின்மேல் இன்னொரு நிறத்தைப் பூசவிடாதே. அவ்வளவுதான் நான் கற்றது. அந்தக் கிரேயானை நான் தூக்கிப் போடவில்லை. சுற்றியிருந்த தாளில் ஸ்கின் என்று போட்டிருந்ததை அடித்துவிட்டு, ரோஸ் என்று எழுதி உன் டப்பாவிலேயே வைத்திருக்கிறேன். பூ வரைய ஆகும்.