பிரதமர் சொன்னதும் மஸூதா சொன்னதும்

மஸூதா வேலூரிலிருந்து பழவேற்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது எழுபத்து மூன்றாம் வருஷம். வயது பத்தொன்பது. பிறந்த வீட்டில் பேசியதெல்லாம் உருது. தமிழும் தெரியும்தான், ஆனால் கடைத்தெருவில் புளிக்கும் மிளகாய்க்கும் பேரம் பேசுகிற அளவுக்குத்தான். புருஷன் இனாயத்துல்லாவின் குடும்பமோ தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தவிர வேறு பேசாத வியாபாரக் குடும்பம். வந்த மறுநாளே மாமியார் பரக்கத் பீவி, "வாப்பா சாப்பிட்டாங்களா?" என்று மாமனாரைப் பற்றிக் கேட்க, மஸூதா பவ்யமாகத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சாப்பிட்டுச்சு மாமி, இப்போ படுத்துனு இருக்குது" என்றாள். அந்த வீட்டுப் பெண்கள் ரெண்டு நாள் சிரித்தார்கள். மாமனார் தன்னைப் பூனைக்குட்டி ஆக்கிவிட்டாள் என்று மூன்று நாள் சிரித்தார்.

அதற்குப் பிறகு, உருதுக்காரி என்பதால், அவள் பேர் 'பட்டாணிப் பொண்ணு'. உருதில் தனக்குத்தானே ஏதாவது முணுமுணுத்தால், "காக்கா கத்துது, யாரோ விருந்தாளி வரப்போறாங்க" என்பாள் பரக்கத் பீவி.

கடைசியில் மஸூதாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது வீட்டுக்கு நண்டு கொண்டுவரும் இருசம்மாள்தான். கரையோரக் குப்பத்துக்காரி. கூடையை இறக்கி வைத்தால் ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள். அவளிடம் கற்றதால் மஸூதாவின் தமிழ் ஒரே வருஷத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் அது இருசம்மாளின் தமிழ். ஒருநாள் மாமியாரைப் பார்த்து, "இன்னா மாமி, காலையிலேருந்து மூஞ்ச தூக்கி வெச்சினுகீறே?" என்று பிரியமாகக் கேட்டாள். பரக்கத் பீவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இதுக்கு அந்தக் காக்கா பாஷையே தேவலை" என்றாள்.

இப்படியே பன்னிரண்டு பதிமூன்று வருஷம் ஓடிற்று. மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். இனாயத்துல்லா ஏரி இறாலை வாங்கி ஐஸ் போட்டு மெட்ராஸுக்கு அனுப்புகிற வேலையில் கொஞ்சம் நிமிர்ந்து, ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு அவர்கள் வீட்டு முற்றத்தில் உட்கார இடம் இருக்காது. உப்புக்காற்றில் ஆன்டெனா துருப்பிடித்துப் படத்தில் எப்போதும் கொசு பறக்கும். யாராவது மாடிக்கு ஏறி அதை மெட்ராஸ் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றால் கொசு குறையும். ஆனால் அவருக்குப் படம் போய்விடும். அதனால் அந்த வேலைக்கு முறை வைத்திருந்தார்கள்.

எண்பதுகளில் வானம் ஏமாற்றிய ஒரு வருஷம் வந்தது. வடக்கே வயல் வெடித்தது, தெற்கே கிணறு வற்றியது. பழவேற்காட்டின் கஷ்டம் வேறு மாதிரி. ஆற்று வெள்ளம் வந்து தள்ளினால்தான் கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரம் திறந்திருக்கும். அந்த வருஷம் வெள்ளம் இல்லை, மணல் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, இறால் குஞ்சும் வரவில்லை. ஏரி வெயிலில் வற்றி, உப்புக் கரித்து, முழங்கால் ஆழத்தில் படகு தட்டியது.

மண்வெட்டி எடுத்து வெட்டினால் திறந்துகொள்ளும் மணல்தான். ஆனால் யார் வெட்டுவது? ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்துப் பெரியவர் சிங்காரம், "கரைக்காரன் கிட்ட இருக்கிறான், அவன் மொதல்ல கை வைக்கட்டும்" என்றார். கரைக் குப்பத்துப் பெரியவர் சின்னதம்பி, "எங்களுக்குக் கடல் கீது. ஏரி காஞ்சா அவனுக்குத்தானே நஷ்டம், அவன் வரட்டும்" என்றார். அவர்களுக்கும் ஏரி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் யாருக்கு முதலில் இலை போட்டது என்பதில் வந்த சண்டைதான் உண்மைக் காரணம். அது இப்போது மணல்மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் ரேடியோவில் சொன்னார்கள்: நாட்டு நெருக்கடி பற்றிப் பிரதமர் இன்று மாலை டிவியில் மக்களிடம் பேசுவார்.

அந்தி மக்ரிப் தொழுகை முடிவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. இந்தக் கூட்டத்தோடு பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமெல்லாம் ஒன்றுமே இல்லை. சிங்காரம் படகில் ஆட்களோடு வந்து இடதுபக்கம் உட்கார்ந்தார். சின்னதம்பி வலதுபக்கம். நடுவில் பள்ளிக்கூடத்து வாத்தியார் கங்காதரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மொதல்ல இந்தியிலே பேசுவார். அப்புறம் இங்கிலீஷ். இங்கிலீஷ் வந்ததும் நான் சொல்றேன், அதுவரைக்கும் சும்மா முகத்தைப் பாத்துக்கிட்டிருங்க" என்றார்.

பிரதமர் வந்தார். கொசுக்களுக்கு நடுவே கவலையாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

கூட்டம் முகத்தைத்தான் பார்த்தது. "பாவம், தூங்கவே இல்லை போலகீது" என்றாள் ஒருத்தி. "ஏதோ கெட்ட சேதி. பாரு, தண்ணி குடிக்கிறாரு." "சண்டையா?" "சண்டைன்னா இப்படியா மெதுவா பேசுவாங்க? அரிசி வெலை ஏறப்போவுது." இப்படி ஆளுக்கொரு உரை சொல்லிக்கொண்டிருந்தபோது, கதவருகே நின்ற இருசம்மாள் உரக்கக் கேட்டாள்: "ஏன், நம்ம மஸூதாம்மாவுக்கு இந்த பாஷைதானே? அத்தக் கேளுங்களேன்!"

எல்லாத் தலைகளும் திரும்பின.

மஸூதா சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அய்யய்யோ, அது இந்தி. எங்களது உருது" என்றாள்.

"அண்ணன் தம்பிதானே! அண்ணன் பேசுறது தம்பிக்குத் தெரியாதா?" என்றார் சின்னதம்பி.

உண்மை என்னவென்றால், டில்லியில் பேசுகிற கனமான இந்தி அவளுக்குப் பிடிபடவில்லை. அதோடு டிவியின் இரைச்சல், முற்றத்தின் இரைச்சல். இருந்தாலும் அவளை முன்னால் இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள். மாமியார் பரக்கத் பீவியே நகர்ந்து இடம் கொடுத்தாள். பதிமூன்று வருஷத்தில் அது முதல்தடவை.

மஸூதா காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். "சூக்கா... காஞ்சுபோச்சுன்னு சொல்றாரு" என்றாள்.

"வாஸ்தவம்!" என்றது கூட்டம்.

"பானி... தண்ணி இல்லைன்னு சொல்றாரு."

"ஆமா, ஆமா! டில்லிக்கே தெரிஞ்சுபோச்சு!"

அப்புறம் நிறைய வார்த்தைகள் அவளைத் தொடாமல் போயின. நெற்றி வேர்த்தது. எல்லாரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாக ரெண்டு சொல் தெளிவாக விழுந்தன. "மூஹ்... வாய்ன்னு சொன்னாரு. கோல்... தொறக்கிறது. வாயைத் தொறக்கிறதைப் பத்தி ஏதோ சொல்றாரு."



"வாயா?" என்றார் சிங்காரம் மெதுவாக. "எந்த வாய்?"

"காஞ்சுபோச்சு, தண்ணி இல்லே, வாயைத் தொற" என்று சின்னதம்பி விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "முகத்துவாரத்தைத்தான்யா சொல்றாரு!"

கூட்டம் கொந்தளித்தது. வாத்தியார் கையைத் தூக்கினார். "பொறுங்க, பொறுங்க. இப்போ இங்கிலீஷ் வரும், நான் சரியா..." பிரதமர் ஒரு தாளைப் புரட்டினார், கண்ணாடியைச் சரிசெய்தார், வாயைத் திறந்தார். கரண்ட் போய்விட்டது.

இருட்டில் சிங்காரத்தின் குரல் கேட்டது: "அம்மா மஸூதா, நல்லா யோசிச்சு சொல்லு. தொறக்கணும்னு சொன்னாரா?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த ஊர் இத்தனை வருஷம் சிரித்த பாஷைக்காக இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. "சொன்னாரு" என்றாள் மஸூதா.

கூட்டம் கலைந்தபின் இனாயத்துல்லா அரிக்கேன் விளக்கைப் பற்றவைத்து மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்தார். "நெஜமா சொன்னாரா?"

"வாய்ன்னு சொன்னாரு. தொறக்கிறதுன்னு சொன்னாரு. ரெண்டுக்கும் நடுவுல இன்னா சொன்னாருன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

இனாயத்துல்லா விளக்கைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மஸூதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

விடிந்தபோது மணல்மேட்டில் இருநூறு பேர் நின்றார்கள். பசியாவரத்திலிருந்து படகு படகாக, கரைக் குப்பங்களிலிருந்து நடந்து, மண்வெட்டியும் கூடையுமாக. யார் முதலில் கை வைப்பது என்ற பேச்சே எழவில்லை. டில்லியே சொன்னபிறகு யார் முதல், யார் கடைசி? பெண்கள் மண் கூடையைக் கைமாற்றி வீச, ஒரு பக்கம் சோறு வெந்தது.

பத்து மணிக்கு வாத்தியார் கங்காதரன் பொன்னேரி பஸ்ஸில் வந்த பேப்பரோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "நிறுத்துங்க! பேச்சு முழுசும் போட்டிருக்கான். சிக்கனமா இருக்கணும், தைரியமா இருக்கணும், பதுக்கக்கூடாது, அவ்வளவுதான். முகத்துவாரம்னு ஒரு எழுத்துகூட இல்லை!"

சின்னதம்பி பேப்பரை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "போன மாசம் நம்ம ரெண்டு படகு கவுந்துதே, அத்தப் போட்டானா?"

"இல்லை."

"அது நடந்துதா இல்லியா?"

"நடந்தது."

"அப்போ பேப்பர்ல இல்லேன்னா சொல்லலேன்னு ஆயிடுமா வாத்தியாரே? அந்தக் கூடையப் புடிங்க."

வாத்தியார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடையைப் பிடித்தார்.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு ஓர் ஆபீசர் வந்தார். இளைஞர், புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர். "யார் உத்தரவுல வெட்டுறீங்க?" என்றார்.

"பிரதமர் உத்தரவு சார்" என்று இருநூறு பேரும் சொன்னார்கள்.

ஆபீசர் திகைத்தார். அன்றைக்கு அவர் டிவி பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்கு இந்தி தெரியாது. பிரதமர் சொல்லவில்லை என்று சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் இருப்பதாகத் தோன்றவில்லை. "எனக்கு இன்னும் காயிதம் வரலையே" என்றார் பரிதாபமாக.

"வரும் சார். டில்லி எவ்ளோ தூரம்?" என்றாள் இருசம்மாள், ஒரு டம்ளர் மோரை நீட்டி.

ஆபீசர் மோரைக் குடித்தார். 'பொதுமக்கள் தாமாக முன்வந்து' என்று ஆரம்பித்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். போகிறபோது, வாய்க்காலைக் கொஞ்சம் வடக்கே சாய்த்து வெட்டினால் மணல் சீக்கிரம் மூடாது என்று நல்ல யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மஸூதாவால் பொறுக்க முடியவில்லை. ரெண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. வெட்டி முடித்தும் தண்ணீர் வராமல் போனால்? போலீஸ் வந்தால்? பிரதமர் பேரில் பொய் சொன்னதற்கு எத்தனை வருஷம் போடுவார்கள்? இருசம்மாளைக் கூட்டிக்கொண்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு படகேறிப் போனாள். சிங்காரமும் சின்னதம்பியும் மணல்மேட்டில் ஒரே குடையின் நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போய் நின்று, "நான் சொன்னது பொய். எனக்கு அந்தப் பேச்சு பாதிகூட வெளங்கலை" என்று ஒரே மூச்சில் சொல்லி அழுதுவிட்டாள்.

சிங்காரம் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தார். "தெரியும்மா."

"தெரியுமா?"

"இருட்டா இருந்தாலும் குரல் காட்டிக்குடுத்துட்டுது. இதோ பாரு, நான் வெட்டலாம்னு சொன்னா இவன் வரமாட்டான். இவன் சொன்னா நான் வரமாட்டேன். வெளியிலேருந்து யாராவது சொல்லணும். நீ சொன்னே. இப்போ போய் ஊரெல்லாம் அழுது வெக்காதே, இன்னும் ஒருநாள் வேலை கீது."

சின்னதம்பிக்கோ கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா பேசுறே? நீ கேட்டது தப்பா இருக்கலாம். அவரு சொன்னது தப்பா இருக்குமா? அவரு வாயைத் தொறக்கத்தான் சொன்னாரு!"

அந்த மூன்று நாளில் மஸூதா முதன்முறையாகச் சிரித்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, வந்ததுக்கு இருக்கட்டும் என்று பத்துக் கூடை மணலும் கைமாற்றிவிட்டாள். புருஷன் குடும்பத்துப் பெண்களில் யாரும் அதற்குமுன் அப்படிச் செய்ததில்லை. வீட்டில் யாரும் கேட்கவுமில்லை.

அமாவாசையன்று கடல் ஏறியது. கடைசி மணல் வரப்பை வெட்டிய பசியாவரத்துப் பையன் முனியன், தண்ணீர் பாய்ந்த வேகத்தில் மண்வெட்டியைக் கைவிட்டுவிட்டு ஓடினான். முழ அகலத்தில் புகுந்த கடல், சாயங்காலத்துக்குள் ரெண்டு படகு அகலம் ஆயிற்று. ஒரு மாதம் கழித்து ஏரியில் வலையை இழுத்தபோது இறால் துள்ளியது. அடுத்த வருஷம் முகத்துவாரம் மறுபடி மூடிக்கொண்டது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வருஷம் பிழைத்தார்கள்.

பரக்கத் பீவி அதன்பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எங்க மருமவளுக்கு டில்லிப் பேச்செல்லாம் தண்ணிபட்ட பாடு" என்று சொல்ல ஆரம்பித்தாள். மருமகள் முணுமுணுத்தால் காக்கா என்று சொல்வதில்லை, "இன்னா சேதி?" என்று கேட்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து வேறேதோ நெருக்கடிக்காகப் பிரதமர் மறுபடி டிவியில் பேசுவதாக அறிவித்தார்கள். அன்று மத்தியானமே மஸூதாவின் வீட்டில் கூட்டம். பசியாவரத்துக்காரர்கள் பாலம் கேட்டார்கள். கரைக் குப்பத்தார் புயல் வந்தால் ஒதுங்க ஒரு கட்டடம் கேட்டார்கள். இருசம்மாள் குடிதண்ணீர்க் குழாய் கேட்டாள். வாத்தியார் கங்காதரன்கூடக் கொஞ்சம் தயங்கி, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதைச் சொன்னார்.

"அவரு பேசுறதுக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்றாள் மஸூதா.

"நீ மனசு வெச்சா அவரு சொல்லுவாரும்மா" என்றார் சின்னதம்பி, முழு நம்பிக்கையோடு.

மாலையில் பிரதமர் பேசினார். முற்றம் மூச்சுவிடாமல் அவளைப் பார்த்தது. மஸூதா கடைசிவரை கேட்டுவிட்டு எழுந்தாள். "எல்லாரும் சண்டை போடாம ஒத்துமையா இருக்கணும்னு சொல்றாரு. மத்தது எனக்கு வெளங்கலை, நாளைக்குப் பேப்பர்ல பாத்துக்கங்க" என்றாள்.

கூட்டத்துக்கு ஏமாற்றம்தான். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். சின்னதம்பி மட்டும் வாசலில் திரும்பி நின்று, டிவியைச் சந்தேகத்தோடு பார்த்து, "இந்தத் தபா அவரு சரியாவே பேசலை" என்றார்.