மசுமிக்குக் கிடைத்த காதல் பாட்டு

மசுமி தொகாஷி பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். அவள் மேல் இல்லை, அவள் மாமனார் மேல். சரி, கொஞ்சம் அவள் மேலும்தான்.

மிகுனி துறைமுகத்தில் நண்டு விற்கிறவள் நான். என் கடைக்குச் சில வீடு தள்ளி தொகாஷி வீடு. முன்பு படகுக்குக் கயிறும் வலையும் விற்ற கடை, இப்போது கதவு சாத்தியே கிடக்கிறது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் மசுமி. மாமியார் போனார், பின்னாலேயே புருஷனும் மாரடைப்பில் போனான். பிள்ளை குட்டி இல்லை. மிச்சம் அவளும் கிழவரும்தான். அவருக்கு வேளாவேளைக்கு மிஸோ சூப் கொதிக்கக் கொதிக்க வேண்டும், முள்ளங்கி ஊறுகாய் காகிதம் போல மெல்லிசாக வேண்டும். அவள் முடி வெட்டிக்கொள்ளப் போனால்கூட, கடைத்தெருவில் இறங்கி "எங்க மசுமியப் பாத்தீங்களா" என்று விசாரித்துவிடுவார்.

அவள் தங்கை, ரயிலில் போகிற தூரத்தில் இருக்கும் மைஸுரு துறைமுகத்தில் சாப்பாட்டுப் பொட்டலக் கடை நடத்துகிறாள். "வந்துடு அக்கா, மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மசுமிக்குப் போக உயிர். மாமனாரிடம் எத்தனையோ தரம் சொல்லியும் பார்த்துவிட்டாள். போகாதே என்றாவது அவர் சொன்னால் சண்டை போடலாம். அதுவும் சொல்ல மாட்டார். "மாமா, தங்கச்சி மறுபடியும் கூப்பிட்டா" என்பாள். "டீ ஆறிப்போச்சு" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

"நாலு வார்த்த திட்டினாக்கூடத் தேவலக்கா" என்று என் கடையில் வந்து புலம்புவாள். "சொவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு. ஒரு பதில் வாங்காம எனக்கு வாசப்படி தாண்ட வரல."

"சொவத்துக்கிட்ட எவளாவது பதில் கேப்பாளாடி? பையத் தூக்கிட்டு நட!"

சிரிப்பாள். நடக்க மாட்டாள்.

வீட்டில்தான் அவர் ஊமை. சபையில் புலி. மாதம் ஒரு தரம் கோவில் பின்கட்டில் உட்கார்ந்து நாங்கள் தொடர்பாட்டுக் கட்டுகிறோம். அவர்தான் தலைவர், எங்களுக்கு வாத்தியார். எந்தக் காலத்திலோ வாழ்ந்த பெரிய கவிஞர் ஒருவரின் மூன்று வரியை முதலில் வைப்போம். அதற்கு ஒருத்தர் இரண்டு வரியில் பதில் சொல்வார். அந்தப் பதிலுக்கு அடுத்தவர் மூன்று வரியில் பதில். இப்படியே நீளும். நிலாவுக்கு ஓர் இடம், பூவுக்கு ஓர் இடம், காதலுக்கு ஓர் இடம். சொன்ன பாட்டை வாத்தியார் ஏற்பார், தள்ளுவார், பிடிக்காத சொல்லைத் திருத்துவார். எல்லாவற்றுக்கும் தலையான சட்டம் ஒன்று: முந்தின பாட்டோடு ஒட்ட வேண்டும், அதற்கும் முந்தின பாட்டுக்குத் திரும்பிப் போகவே கூடாது. இரண்டு பாட்டுக்கு முன்னால் பெய்த மழையை நான் மறுபடி பெய்ய வைத்துவிட்டு, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஊருக்கே தெரியும்.

மசுமி அங்கே எழுத்தர். ஏற்ற பாட்டைத் தூரிகையால் எழுதி உரக்கப் படிப்பாள். யார் சட்டம் மீறினாலும் எடுத்துச் சொல்ல வேண்டியதும் அவள்தான். ஆனால் எழுத்தருக்கு வழக்கப்படி ஒரே ஒரு பாட்டுத்தான், கடைசிப் பாட்டு. அது வசந்தமாக, சந்தோஷமாக முடிய வேண்டும். புருஷன் செத்த வருஷத்திலும் அவள் மலர்ச்சியைத்தான் பாடினாள். கேட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன குளிர்காலத்தில் ஒரு மத்தியானம். வெளியே பனியும் மழையும் கலந்து அடித்தது. முடிதிருத்துகிற இவாஸே இடுப்புப் பிடிப்பால் வரவில்லை. நான், கோவில் சாமியார் ரியோகய், வாத்தியார், மசுமி, இவ்வளவு பேர்தான். பாட்டு பாதி தூரம் வந்திருந்தது. நான் சொன்னேன்:

பனித்தூறல் நடுவே
விளக்கேற்றித் திரும்பும்
நண்டுப் படகுகள்

சாமியார் கண்ணை மூடிக்கொண்டு காதலைத் தொடங்கிவைத்தார்:

கண்ணாடி முன் ஒருத்தி
உதட்டுச் சாயம் துடைக்கிறாள்

அடுத்த முறை இவாஸேயுடையது. ஆள் இல்லை.

"மசுமி சொல்லட்டுமே" என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதினது நான்தான்.

"எழுத்தருக்குக் கடைசிப் பாட்டு மட்டுந்தான்" என்றார் வாத்தியார்.

"ஆள் கொறஞ்சா எழுத்தர் ரொப்பலாம்னு நீங்கதானே வாத்தியாரே எங்களுக்குச் சொன்னீங்க" என்றார் சாமியார். பாவம், அவருக்குச் சூது தெரியாது.

மசுமி மடியைப் பார்த்தபடி சொன்னாள்:

ஒரு ஜோடிச் சாப்பாட்டுக் குச்சி மட்டும்
துணியில் சுற்றிக்கொண்டு
வீட்டைவிட்டுப் போகிறாள்

பாட்டில் வருகிற ஆளை வீட்டில் தேடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் நான் என் தாளையே பார்த்தேன். சாமியார் டீக்குவளையைக் கீழே வைத்தார்.

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நல்லாருக்கு. ஒரு எடத்துல திருத்தணும். 'வீட்டைவிட்டுப் போகிறாள்' வேணாம். 'வீட்டுக்குத் திரும்புகிறாள்'னு போடு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படகு திரும்பி இரண்டு பாட்டுக்கூட ஆகவில்லை! நேற்றுச் சேர்ந்தவன்கூடச் செய்யாத தப்பு. ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது. அந்த மனுஷர் பயந்துபோயிருந்தார், அதுதான் விஷயம். பயத்தில் தன் சட்டமே அவருக்கு மறந்துவிட்டது.

மசுமி தூரிகையைப் பிடித்தபடி இருந்தாள். எழுதினால் தப்பை ஏற்றதாகும். எழுதாவிட்டால் மாமனாரை மறுத்ததாகும். அவள் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"வாத்தியாரே" என்றாள். மாமா என்று சொல்லவில்லை. "படகு ஏற்கெனவே திரும்பிடுச்சு. இதுவும் திரும்பினா பின்னாடி போறதாயிடும். ஏத்துக்க முடியாது."

சபாஷ்டி என் கண்ணே என்று எழுந்து கூத்தாடியிருப்பேன், முழங்கால் வலி இல்லாவிட்டால்.

வாத்தியார் அவள் எழுதின தாளில் படகுப் பாட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "தப்பு என்னுதுதான்" என்றார் கடைசியில். "உன் சொல்லையே எழுது."

போகிறாள் என்றே எழுதினாள். வழக்கப்படி இரண்டு தரம் உரக்கப் படித்தாள். எல்லார் முன்னாலும் சொல்லியாகிவிட்டது, அவரும் ஏற்றாகிவிட்டது. இனி ரயில் ஏற வேண்டியதுதான் என்று என் மனசுக்குள் நான் அவள் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டேன்.

அடுத்த இரண்டு வரி வாத்தியாருடைய முறை. எப்போதும் சட்டென்று சொல்லிவிடுகிறவர் அன்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம், எங்களுக்குக் கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில் சொன்னார்:

டீ டப்பா எங்கே என்று
காலி வீட்டைக் கேட்கும் கிழவன்

சாமியார் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

குறை கண்டுபிடிக்க நான் தலைகீழாக நின்றேன். முன் பாட்டோடு ஒட்டுகிறது. எங்கேயும் திரும்பவில்லை. போகாதே என்று ஒரு சொல் இல்லை. போனவளைப் போகவிட்டுவிட்டு, வீட்டுக்குள் என்ன மிச்சம் என்று மட்டும் காட்டியிருந்தார். மீனில் முள் தேடுகிற எனக்கே ஒரு முள் அகப்படவில்லை. மசுமி அதை எழுதினாள். ஒரு தரம் படித்தாள். இரண்டாம் தரம் பாதியில் குரல் உடைந்துவிட்டது, மீதியைச் சாமியார் படித்தார்.

மறுநாள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். மசுமி சமையல்கட்டில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பெட்டி கட்டலியா?"

"போகலக்கா."

"அடிப்பாவி! ஏன்? வீட்டுக்கு வந்தப்புறம் 'இரு'ன்னு சொன்னாரா? அழுதாரா?"

"ஒண்ணும் சொல்லல. வந்ததும் பழையபடி வாய்ப்பூட்டுதான்."

"அப்புறம் என்ன கேடு?"

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "போறேன்னு சொன்னேன். பதில் சொல்லிட்டாரேக்கா" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வந்தேன். மைஸுரு மாடி அறைக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது, தங்கையும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பொய் சொல்வானேன், அத்தனை வருஷத்தில் அந்தக் கிழவர் கட்டினதிலேயே அதுதான் நல்ல பாட்டு. அது கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் அவள் இந்நேரம் மைஸுருவில் இருப்பாள்.